சேலம், ஏற்காடு, மேட்டூர்: மூன்று நாளில் அலைச்சல் இல்லாமல் பார்க்க ஒரு முழு வழிகாட்டி

ஏற்காட்டுக்குப் போய்விட்டு "அங்கே ஒன்றுமே இல்லை" என்று திரும்புகிறவர்கள் நிறைய பேர். பெரும்பாலும் அவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் மலையேறி, ஏரிக்கரையில் வண்டி நிறுத்த இடம் தேடி, படகுக்கு வரிசையில் நின்று, உச்சி வெயிலில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் இறங்கியவர்கள். போன இடங்கள் எல்லாம் சரிதான், போன நேரம்தான் தப்பு. எந்த இடத்துக்கு எந்தப் பொழுதில், எந்தப் பக்கத்திலிருந்து போவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொண்டால் மூன்று நாள், இரண்டு இரவில் மலையையும் சேலத்தையும் காவிரிக்கரையையும் நிதானமாகப் பார்க்கலாம். முதல் இரவு மலையில், இரண்டாம் இரவு சேலத்தில் என்பதுதான் இந்தத் திட்டத்தின் அடிப்படை.

எப்போது போகலாம்

சேர்வராயன் மலையில் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கீழே சேலம் 38, 40 டிகிரியில் கொதிக்கும்போது மேலே 30-ஐத் தாண்டுவது அரிது. அதனால்தான் அந்த இரண்டு மாதமும் கூட்டம் அள்ளும். மே மாதத்தில் அரசு நடத்தும் கோடை விழா, மலர்க் கண்காட்சி நாட்களில் அறை வாடகை எகிறும், மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்து போகும். பூக்களைப் பார்ப்பதற்காகவே போகிறீர்கள் என்றால் சரி, இல்லாவிட்டால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது.

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை மலை பச்சையாக இருக்கும். இதில் அக்டோபரும் நவம்பரும் மழைக்காலம். மூடுபனி அழகுதான், ஆனால் காட்சிமுனை எதிலும் எதுவும் தெரியாமல் திரும்ப நேரலாம். கனமழை பெய்தால் பாதையில் மண் சரியும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்தையே நிறுத்த வேண்டியதாயிற்று. மழைக்காலத்தில் போகிறவர்கள் கிளம்பும் அன்று காலை பாதை திறந்திருக்கிறதா என்று தங்கப்போகும் விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டும்போதே, பாதை மூடினால் பணம் திரும்ப வருமா என்பதையும் பேசிவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் குளிர் கடிக்கும். காபித் தோட்டங்களில் பழம் பறிப்பதும் காய வைப்பதும் அப்போதுதான் மும்முரம். மார்ச், ஏப்ரலில் முதல் கோடை மழை விழுந்து ஒன்றரை வாரத்தில் காபிச் செடிகள் மொத்தமாகப் பூக்கும். மல்லிகை போல வெள்ளைப் பூ, நாலைந்து நாள்தான் நிற்கும். நாள் குறித்துக்கொண்டு போக முடியாது, அமைந்தால் யோகம்.

எந்த மாதமானாலும் ஞாயிறு முதல் வியாழன் வரைக்குள் மலையில் தங்குகிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிறு பிற்பகலில் கூட்டம் இறங்கும்போது நீங்கள் ஏறினால் இன்னும் நல்லது.

சேலம் வந்து சேர்வது

பெங்களூரிலிருந்து சுமார் 200 கி.மீ., கோவையிலிருந்து 165, சென்னையிலிருந்து 340. சென்னையிலிருந்து ரயிலில் வருகிறவர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் வசதி. ராத்திரி சென்ட்ரலில் ஏறினால் விடிவதற்கு முன்பே சேலம் ஜங்ஷன். ஒரே ஒரு சிக்கல்: வண்டி ஈரோடு வரை போகிறது. அலாரம் வைக்காமல் தூங்கினால் ஈரோட்டில்தான் கண் விழிப்பீர்கள்.

ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். ஏற்காடு பேருந்து புறப்படுவது மெய்யனூர்ப் பக்கம் உள்ள புதிய பஸ் ஸ்டாண்டில். இரண்டுக்கும் இடையே டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் விடியற்காலையிலேயே கிடைக்கும். கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடாதீர்கள், அது உள்ளூர்ப் பேருந்துகளுக்கானது.

பேருந்தில் ஏற்காடு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வளைவில் குமட்டல் வரும் சுபாவம் இருந்தால் முன்பக்க சீட் பிடியுங்கள், பார்வையைச் சாலை மேல் வையுங்கள், போனைப் பார்க்காதீர்கள். வயிறு முட்டச் சாப்பிடுவதும் தப்பு, வெறும் வயிறோடு ஏறுவதும் தப்பு. இரண்டு இட்லி போதும். கிளம்புவதற்கு முன் மேலிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று நேரக்காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பாதை: ஏறுவதும் இறங்குவதும்

சொந்த வண்டியில் போனால் பெட்ரோலைச் சேலத்திலேயே நிரப்புங்கள். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரம் வரை சமதளம். இந்த ஏற்காடு சாலையில்தான் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930-களில் தொடங்கிய சினிமா ஸ்டுடியோவில் இன்று மிஞ்சியிருப்பது அதுதான். சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பைகளையும் ஒருமுறை பயன்படுத்தும் பொருட்களையும் பார்ப்பார்கள், ஆகவே தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

அதன் பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. ஏறும்போது ஆட்கள் நிறைந்த காருக்கு இரண்டாவது கியர், வளைவில் தேவைப்பட்டால் முதல் கியர். வளைவுக்குள் போன பிறகு கியர் மாற்றத் தடுமாறினால் வண்டி நின்று பின்னால் உருளும், அதனால் வளைவுக்கு முன்பே மாற்றிவிடுங்கள். எதிரே பஸ் வருவது தெரிந்தால் வளைவுக்கு வெளியிலேயே நின்று வழிவிடுங்கள். பஸ்ஸுக்குத் திரும்ப முழு அகலமும் வேண்டும். நீங்கள் உள்ளே நுழைந்துவிட்டால் இரண்டு வண்டியும் மாட்டிக்கொள்ளும், பின்னால் இருபது வண்டி ஹாரன் அடிக்கும். ஏறுகிற வண்டிக்கே முன்னுரிமை என்பது எல்லா மலைச்சாலைக்கும் பொது விதி. இறங்குகிறவர்தான் நிற்க வேண்டும்.

விபத்துகள் பெரும்பாலும் இறக்கத்தில்தான். காரணம் எளிது. சமதளத்தில் ஓட்டிய பழக்கத்தில் உயர்ந்த கியரிலோ நியூட்ரலிலோ விட்டுவிட்டு, வழி முழுக்க பிரேக்கின் மேலேயே கால் வைத்திருப்பார்கள். பிரேக் சூடேறி, கருகிய வாடை வரும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியானால் 'எல்' அல்லது மேனுவல் மோடு. வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி இருபது நிமிடம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது கோணிவிடும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இஞ்சின் பிடிப்பு குறைவு. இரண்டு பேர் உட்கார்ந்து இறங்குவதானால் நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவிட்டே தீர வேண்டும்.

இன்னொரு பாதை குப்பனூர் வழி. கொட்டச்சேடு வழியாக இறங்கி அயோத்தியாப்பட்டணம் பக்கம் சேரும். சற்றுச் சுற்று, ஆனால் போக்குவரத்து குறைவு. ஆத்தூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் சேலம் நகருக்குள் நுழையாமலே இதில் ஏறிவிடலாம். கோடை விழா நாட்களில் அடிவாரம் வழியாக ஏறி குப்பனூர் வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக்குவதும் உண்டு. மழைக்காலத்தில் புது ஓட்டுநர்கள் இந்தக் குப்பனூர் பாதையைத் தொட வேண்டாம்.

முதல் நாள்: மேலே

காலை ஏழு, ஏழரைக்குள் அடிவாரத்தைத் தாண்டிவிடுங்கள். ஒன்பது மணிக்கு முன் ஏரிக்கரையில் இருப்பீர்கள். விடுதியில் அறை மதியம்தான் கிடைக்கும். பைகளை மட்டும் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஒண்டிக்கடை ரவுண்டானாவை மனதில் வைத்துக்கொண்டால் ஊர் முழுவதும் புரிந்துவிடும். ஏரி, அண்ணா பூங்கா, பேருந்து நிலையம் எல்லாம் அதைச் சுற்றித்தான். லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், ரோஜாத் தோட்டம் தென்மேற்கே ஒரு கொத்து. பகோடா பாயிண்ட் கிழக்கு ஓரம். சேர்வராயன் கோயில், ராஜராஜேஸ்வரி கோயில், கரடிக் குகை இன்னொரு பக்கம். ஒரே வேளையில் ஒரு பக்கம் மட்டும் போனால் அலைச்சல் பாதியாகக் குறையும். சுற்றுலா ஆட்டோக்காரர்கள் "பத்து இடம், மூணு மணி நேரம்" என்று பேசுவார்கள். பேரம் பேசும்போது தொகையை மட்டும் கேட்காமல், சேர்வராயன் கோயிலும் பகோடாவும் அந்தப் பத்தில் உண்டா, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்பார் என்று கேளுங்கள். தூரமான இந்த இரண்டையும் விட்டுவிட்டு ஏரியைச் சுற்றியே பத்தைக் கணக்குக் காட்டுவது வழக்கம்.

படகுச் சவாரி வேண்டுமானால் வார நாளில் காலையில் முதல் வேலையாக முடித்துவிடுங்கள். பிறகு சேர்வராயன் கோயில். மலையின் உச்சி இதுதான், 1,623 மீட்டர். மேலே போனதும் மரங்கள் விலகி மொட்டையான புல்வெளி விரியும், காற்று ஆளைத் தள்ளும். கோயில் என்று கோபுரத்தைத் தேடாதீர்கள். அது ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும், தரை ஈரமாக இருக்கும். சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே இருக்கிறார்கள். மலையாளி பழங்குடி மக்களின் குலதெய்வம். மே மாதத் திருவிழாவுக்கு மலைக்கிராமங்கள் அத்தனையும் இங்கே கூடும். குகைக்குள் படம் எடுக்கும் முன் பூசாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

காரோ பைக்கோ வைத்திருப்பவர்கள் இங்கிருந்து லூப் ரோட்டில் போகலாம். ஏரியில் தொடங்கி ஏரியிலேயே முடியும் 32 கி.மீ. வட்டம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும், நிழலில் காபி, நடுநடுவே மலைக்கிராமங்கள். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் கொண்டுவந்த காபிதான் இன்றைக்கும் இந்த மலையின் பிழைப்பு. சாலை குறுகல், சிக்னல் பல இடங்களில் கிடையாது, மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தோட்டங்கள் தனியார் இடம், வேலிக்குள் நுழைந்து பழம் பறிப்பது வம்பு. அந்தி சாய்ந்தால் காட்டுமாடுகள் சாலைக்கு வரும். பார்த்தால் வண்டியை நிறுத்தி விளக்கைத் தணித்துக் காத்திருங்கள், ஹாரன் அடித்து விரட்டவோ இறங்கி செல்ஃபி எடுக்கவோ வேண்டாம்.

மாலை ஐந்து மணிக்கு லேடீஸ் சீட். பகலில் இங்கே வந்தவர்கள்தான் "ஒன்றுமே இல்லை" என்று சொல்கிறவர்கள். வெயில் சாயும்போது கீழே ஏறி வந்த பாதையின் வளைவுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். இருட்டியதும் சேலம் நகரம் முழுக்க விளக்குகள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காற்று தெளிந்திருந்தால் மேட்டூர் நீர்த்தேக்கம் வரை தெரியும். மே மாதப் புழுதி மூட்டத்தில் அதை எதிர்பார்க்காதீர்கள். குளிருக்கு இதமாக மிளகாய் பஜ்ஜியும் காபியும் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். எண்ணெய்ச் சட்டியிலிருந்து எடுப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள், தட்டில் ஆறிக் கிடப்பதை விட்டுவிடுங்கள். குரங்குகளுக்கு கவர் சத்தம் நன்றாகத் தெரியும், தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

இரண்டாம் நாள்: காலை மலை, மாலை நகரம்

விடிந்ததும் பகோடா பாயிண்ட். கிழக்குப் பார்த்த இடம் என்பதால் காலை வெளிச்சம் இங்கேதான் அழகு. கல்லை அடுக்கி எழுப்பிய கூம்புகளும் ஒரு ராமர் கோயிலும் உண்டு, கீழே பள்ளத்தில் காக்கம்பாடி கிராமம் தெரியும். பனிமூட்டமாக இருந்தால் அவசரப்படாமல் அரை மணி நேரம் உட்காருங்கள், வெயில் ஏற ஏற திரை விலகும்.

அடுத்து கிளியூர் நீர்வீழ்ச்சி. சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது, ஆனால் எப்போதும் அல்ல. ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற நீர்தான் இங்கே வந்து விழுகிறது. ஆகவே முதல் நாள் ஏரிக்கரையில் நிற்கும்போதே உபரி நீர் வழிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வழியவில்லை என்றால் (பிப்ரவரி முதல் மே வரை பெரும்பாலும் அப்படித்தான்) வெறும் பாறையைப் பார்க்கத்தான் அத்தனை படி இறங்க வேண்டியிருக்கும். இறங்கும் வழி செங்குத்து, திரும்ப ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்கு ஆகாது. வெறும் ரப்பர் செருப்பு வழுக்கும், பிடிப்புள்ள ஷூ போடுங்கள். மேலே மழை பெய்துகொண்டிருந்தால் தண்ணீர் திடீரென்று கூடும், அன்றைக்கு இறங்கவே வேண்டாம்.

நேரம் மிஞ்சினால் இந்திய தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டம். பூச்சியைப் பிடித்து உண்ணும் குடுவைச்செடி இங்கே இருக்கிறது, குழந்தைகளுக்கு அதைக் காட்டுவதற்காகவே போகலாம். அரசு அலுவலகம் என்பதால் வேலை நேரத்தில் போங்கள்.

காபி வாங்குவதானால் தூளாக வாங்காமல் வறுத்த கொட்டையாக, என்றைக்கு வறுத்தது என்று கேட்டு வாங்குங்கள். தூளாகத்தான் வேண்டுமென்றால் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும். சாலையோரத் 'தோட்டத்துத் தேன்' விஷயத்தில் ஆசைப்பட வேண்டாம்.

மதியச் சாப்பாடு முடித்து இரண்டு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். அடிவாரத்தை ஒட்டி குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. குழந்தைகள் இருந்தால் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கலாம். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை என்பதால் கேட்டுக்கொண்டு போங்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் சேலத்துக்காரர்கள் கூடும் இடம் தட்டுவடை செட் கடை. தள்ளுவண்டியில் போடுகிற கையைக் கவனியுங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும் மொறுமொறு தட்டுவடை ஒன்று, அதன் மேல் பூண்டு போட்ட காரச் சிவப்புச் சட்னி ஒரு தடவல், மல்லி புதினா பச்சைச் சட்னி ஒரு தடவல், துருவிய பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கிய வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை வைத்து ஓர் அமுக்கு. கையில் வந்த நொடியே வாயில் போட வேண்டும். படம் எடுத்துக்கொண்டு நின்றால் நமுத்துவிடும், பார்சல் வாங்கினால் சொல்லவே வேண்டாம். காரம் தாங்காதவர்கள் "சிவப்பு கம்மியா" என்று முன்பே சொல்லிவிடுங்கள். நொறுக்கல் என்றால் இதையே உடைத்துக் கலந்து தருவது. பல கடைகளில் மாங்காய் செட்டும் உண்டு.

கொலுசு வாங்க செவ்வாய்ப்பேட்டை. எடையையும் டச்சையும், அதாவது வெள்ளியின் சுத்தத்தையும், வைத்துத்தான் விலை. டச் எத்தனை, செய்கூலி எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு, இரண்டையும் பில்லில் எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுத்தால் எந்தக் கணக்கில் எடுப்பார்கள் என்பதையும் அப்போதே கேட்பது உத்தமம்.

கோட்டை மாரியம்மனையும் சுகவனேஸ்வரரையும் மறுநாள் காலை தரிசித்துக்கொள்ளலாம், இரண்டும் நகருக்குள்தான். ஆடி மாதத் திருவிழாவின்போது கோட்டைப் பக்கம் காரை எடுத்துப் போகாதீர்கள்.

மூன்றாம் நாள்: மேற்கே காவிரி வரை

காலை ஏழரைக்குக் கிளம்பி முதலில் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில். சேலத்திலிருந்து முக்கால் மணி நேரம். இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலியார்கள் எழுப்பிய கோயில், மதியம் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலியைப் பாருங்கள். வாலி வதைச் சிற்பத்தின் முன் நின்று ஒரு சோதனை செய்யலாம். ராமன் ஒளிந்திருக்கும் தூணருகே நின்றால் வாலியும் சுக்ரீவனும் தெரிவார்கள், வாலியின் இடத்துக்குப் போய் நின்று பார்த்தால் ராமன் தெரிய மாட்டான். தூண்களின் இடைவெளியை வைத்தே கதையைச் சொல்லியிருக்கிறார் சிற்பி. அர்ச்சகரோ காவலரோ நிற்க வேண்டிய இடத்தைக் காட்டுவார்கள்.

அங்கிருந்து நங்கவள்ளி வழியாக மேட்டூர். 1925-ல் தொடங்கி 1934-ல் முடித்த அணை, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி., நீர்மட்டம் 120 அடி. செய்தித்தாளில் அன்றைய நீர்மட்டம் வரும், அதைப் பார்த்துவிட்டுப் போங்கள். 120-ஐ நெருங்கியிருந்தால் உபரி நீர் திறக்கும் 16 கண் மதகுதான் காட்சி. குறைவாக இருந்தால் அணைப் பூங்காவோடு சரி. ஜூன் 12 பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் வழக்கமான நாள், அணையில் இருப்பு இல்லாத ஆண்டுகளில் தள்ளிப்போகும். ஆடிப் பதினெட்டுக்கு இங்கே கால் வைக்க இடம் இருக்காது. ஆற்றுமீன் வறுவல் கடைகளில் மீனைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, விலையைப் பேசிய பிறகு வறுக்கச் சொல்லுங்கள். காவிரியில் சுழலும் பள்ளமும் மேலே தெரியாது, குளிக்கத் தடை என்று பலகை இருக்கும் இடத்தில் இறங்கவே கூடாது.

திரும்பும் வழியில் பூலாம்பட்டி. எடப்பாடிப் பக்கம் காவிரிக்கரையில் உள்ள ஊர். இங்கிருந்து அக்கரை நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகில் மக்கள் அன்றாடம் போய்வருகிறார்கள், அக்கரை ஈரோடு மாவட்டம். சுற்றுலாவுக்கென்று ஏற்பாடு செய்த படகை விட இந்தச் சாதாரணச் சவாரிதான் சுகம்.

மலையேறும் ஆர்வம் உள்ளவர்கள் மேட்டூரை விட்டுவிட்டு சங்ககிரிக் கோட்டைக்குப் போகலாம். தீரன் சின்னமலையை 1805-ல் தூக்கிலிட்ட இடம். வாசல் வாசலாகக் கடந்து ஏற வேண்டும், நிழல் குறைவு, மேலே குடிக்கத் தண்ணீரை நம்ப முடியாது. ஆளுக்கு இரண்டு லிட்டர், காலை ஏழுக்கே தொடக்கம். கார் இருந்து, கிழக்கே சென்னைப் பக்கம் திரும்புகிறவர்களுக்கு வாழப்பாடி தாண்டி புத்திரகவுண்டன்பாளையத்தில் 146 அடி முத்துமலை முருகன் வழியிலேயே இருக்கிறார். 2022-ல் குடமுழுக்கு கண்டவர். அரை மணி நேரம் போதும்.

மே, ஜூனில் போனால் மாம்பழம் வாங்காமல் வர மனசு வராது. சேலம் கடைவீதியில் மல்கோவா, இமாம் பசந்து, குண்டு, பெங்களூரா எல்லாம் குவிந்திருக்கும். ஒரே மாதிரி பளிச்சென்று மஞ்சளாக இருந்து, காம்பருகே முகர்ந்தால் வாசனையே இல்லை என்றால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்தது, ஒதுக்கிவிடுங்கள். ஊருக்குக் கொண்டுபோக விளைந்த காயாகவே கேட்டு, வைக்கோல் போட்ட பெட்டியில் கட்டச் சொல்லுங்கள். வீட்டில் நாலைந்து நாளில் பழுக்கும்.

ரயிலில் திரும்புகிறவர்கள் டிக்கெட்டில் சேலம் ஜங்ஷனா, சேலம் டவுனா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். டவுன் ஸ்டேஷன் விருத்தாசலம் பாதையில் இருக்கிறது. அந்த வழியாக எழும்பூர் போகும் வண்டி அங்கே நிற்கும், ஏற்காடு எக்ஸ்பிரஸ் நிற்காது. மாலை நெரிசலில் ஐந்து ரோடு சந்திப்பைக் கடந்து ஜங்ஷன் போய்ச்சேர முக்கால் மணி நேரம் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.